இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு அம்மாவின் சத்து நிலையை அளப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவுக்கு 74 வயது. வாசலில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. சேலத்தில் பாதி மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 6 நாள் ஆகிறது. எடை 42 கிலோ. ரத்தத்தில் ஆல்புமின் 2.8 என்று வந்திருக்கிறது. "சத்து ரொம்பக் குறைவு, புரோட்டீன் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆல்புமின் பாட்டில் ஏற்றினால் சரியாகுமா, எந்தப் பவுடர் வாங்குவது, உண்மையில் எவ்வளவு சத்துக் குறைவு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆல்புமினிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 20 நாள். நான்கைந்து நாள் சரியாகச் சாப்பிடாததால் மட்டும் அது 4-லிருந்து 2.8-க்கு இறங்கிவிடாது. எலும்பு முறிவும் அறுவையும் சேர்ந்து உடம்பில் பெரிய அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. அப்போது கல்லீரல் ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டு சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கும். இருக்கிற ஆல்புமினும் ரத்தக் குழாய்ச் சுவர் வழியே திசுக்களுக்குள் கசியும். போதாக்குறைக்கு ஏற்றிய சலைன் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும். நன்றாகச் சாப்பிட்டு வந்த ஒருவருக்கும் அறுவைக்கு மூன்றாம் நாள் 3-க்குக் கீழே வரலாம். எலும்பும் தோலுமாக மெலிந்த ஒருவருக்கு, அழற்சி இல்லையென்றால், ஆல்புமின் இயல்பாகவே இருக்கலாம். அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கமான ஆஸ்பென் 2020-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஆல்புமினையும் ப்ரீ-ஆல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தையும் சத்துக் குறைவின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. 2.8 என்ற எண்ணை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. உடம்பு கடுமையான அதிர்ச்சியில் இருக்கிறது, புண்ணையும் சளியையும் சிறுநீர்த் தொற்றையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். பாட்டிலில் வரும் 20 சதவீத ஆல்புமின் 100 மில்லியில் 20 கிராம் புரதம்தான் இருக்கிறது. அதற்கு வேறு மருத்துவப் பயன்கள் உண்டு. சாப்பாட்டுக் குறையை ஈடுகட்ட அதை ஏற்றுவதில் பலன் இல்லை. அந்தப் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் பருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்து நிலையைச் சொல்பவை வேறு: விழுவதற்கு முன்பு எப்படி இருந்தார், இப்போது உடம்பு அளவுகள் என்ன, தினமும் தட்டிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது. மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. இடுப்பு முறிந்த முதியவர்கள் வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதங்கள் தசையை இழந்துகொண்டே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த அளவு ஆரம்பப் புள்ளி மட்டுமே.

பழைய கதையைக் கேட்கும்போது "நல்லாச் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டால் "நல்லாத்தான் சாப்பிட்டாங்க" என்றுதான் பதில் வரும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா? வளையல் முழங்கைப் பக்கம் ஏறுகிறதா? மோதிரத்துக்கு நூல் சுற்றிப் போட்டிருக்கிறாரா? யார் சமைத்தது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை உலை வைத்தார்? தனியாக இருக்கும் முதியவர்கள் காலையில் வடித்த சோற்றையே மூன்று வேளையும் வைத்துக்கொள்வது வழக்கம். பருப்பு வேக நேரமாகும், விறகும் கேஸும் செலவாகும் என்று ரசத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ரேஷனில் வாங்கிய துவரம் பருப்பு டப்பாவில் அப்படியே இருந்தால் அதுவே பதில். மலையில் காபி இன்னொரு விஷயம். பசிக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் காபி குடித்தால் பசி அடங்கிவிடும், வயிற்றில் எதுவும் இருக்காது. வெள்ளி, செவ்வாய், அமாவாசை, ஏகாதசி என்று எத்தனை நாள் ஒரு வேளைச் சாப்பாடு, புரட்டாசியில் முட்டை நிறுத்துவாரா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எடை இழப்புக்கு எண் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வந்தபோதோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரை வாங்கியபோதோ எடை குறித்திருக்கலாம். பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு 46 கிலோ, இப்போது 42 என்றால் இழப்பு 4 கிலோ, கிட்டத்தட்ட 8.7 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய இழப்பு.

விழுந்ததற்கும் அறுவைக்கும் நடுவே எத்தனை நாள் ஓடியது என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். மலையிலிருந்து வருபவர்களில் சிலர் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, ஒரு வாரம் பத்து நாள் படுத்தே கிடந்த பிறகுதான் கீழே வருகிறார்கள். அந்த நாட்களில் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்திருந்தால் உணவை ஆரம்பிக்கும் முறையே மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து உடம்பு அளவுகள். 42 கிலோ என்பதை எப்போது, எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அறுவைக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் சலைன் தேங்கி எடை கூடித் தெரியும். பிறகு சிறுநீராக வெளியேறும்போது இரண்டு கிலோ வரை இறங்கலாம். அதைத் தசை இழப்பு என்று நினைத்துப் பயப்படக் கூடாது. வேறொரு தவறு மிகவும் சாதாரணமாக நடக்கிறது: வாக்கரைப் பிடித்துக்கொண்டே எடை மெஷினில் நிற்பது. கை தாங்கும் எடை மெஷினுக்குத் தெரியாது, அதனால் மூன்று நான்கு கிலோ குறைத்தே காட்டும். நிற்க முடியாதவரை வீல்சேரோடு மேடைத் தராசில் ஏற்றி நிறுத்து, வெறும் வீல்சேரின் எடையைக் கழிப்பதுதான் சரி. ஊரில் காபி மூட்டையும் மிளகு மூட்டையும் நிறுக்கும் மேடைத் தராசு இருந்தால் அதன் மேல் ஆடாத நாற்காலியைப் போட்டு உட்கார வைக்கலாம். இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், ஆனால் பிடித்துத் தூக்கக் கூடாது. காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில். மெஷினைப் பாயின் மேல் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள்.

உயரத்தை நிற்க வைத்து அளக்க முடியாது. கூன் விழுந்தவருக்கு நிற்க வைத்து அளந்தாலும் உயரம் குறைந்து வந்து, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. பொய்யாக ஏறிவிடும். முழங்கால் உயரம் நம்பகமானது. அறுவை செய்யாத வலது காலை முழங்காலில் 90 பாகை மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தொடையின் மேல்பரப்பு வரை அளக்க வேண்டும். தொடை மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தட்டையாக வைத்தால் அளவு சரியாக வரும். பெண்களுக்கு: 84.88-லிருந்து வயதை 0.24-ஆல் பெருக்கிக் கழித்து, முழங்கால் உயரத்தை 1.83-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஆண்களுக்கு 64.19, 0.04, 2.02. அம்மாவின் முழங்கால் உயரம் 46 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 84.88 கழித்தல் 17.76, கூட்டல் 84.18, ஆக 151.3 செ.மீ. 42 கிலோவை 1.513-இன் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 18.3. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்துக் குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையிலுள்ள அடிப்பகுதி வரை அளந்து, பெண்களுக்கு 1.35-ஆல் பெருக்கி 60.1 கூட்டுங்கள், ஆண்களுக்கு 1.40, 57.8. இரண்டு விடைக்கும் இடையே அதிக வித்தியாசம் வந்தால் இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள், டேப்பை எங்காவது தவறாக வைத்திருக்கலாம்.

சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட கிளிம் வரையறைப்படி, ஆசியர்களில் 70 வயதைத் தாண்டியவருக்குப் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே போனால் குறைவு. எடை இழப்பு, குறைந்த பி.எம்.ஐ., தசைக் குறைவு ஆகியவற்றில் ஒன்றும், உணவு குறைந்தது அல்லது கடும் நோய் அல்லது காயம் என்ற காரணங்களில் ஒன்றும் சேர்ந்தால் சத்துக் குறைபாடு உறுதி. மேலே நான் எடுத்துக்காட்டாகப் போட்ட எண்கள் உங்கள் அம்மாவுக்கும் பொருந்தினால், ஆல்புமினைப் பார்க்காமலேயே அவருக்குச் சத்துக் குறைபாடு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கெண்டைக்கால் சுற்றளவு தசையைப் பற்றிச் சொல்லும். வலது காலை அளங்கள். அறுவை செய்த கால் வாரக்கணக்கில் வீங்கியிருக்கும். முழங்காலை மடக்கி, கெண்டையின் பருத்த இடத்தில், தோலை அழுத்தாமல் டேப்பைச் சுற்றுங்கள். முதியவர்களின் சத்து நிலையை மதிப்பிடும் எம்.என்.ஏ. படிவத்தின் எல்லை 31 செ.மீ. தசை இழப்பைக் கண்டறிய ஆசிய வல்லுநர் குழு 2019-ல் வைத்த எல்லை பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34. அளப்பதற்கு முன் முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நீர் கோத்திருக்கிறது, அன்றைய அளவு உதவாது. அப்போது மேற்கையை அளக்கலாம்: ட்ரிப் போடாத கையில், தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியில். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். எந்த இடத்தில் அளந்தீர்களோ அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை இரண்டு விரல் மேலோ கீழோ போனால் ஒப்பிட்டுப் பயனில்லை. பிசியோதெரபிஸ்டிடம் கைப்பிடி வலிமை அளக்கும் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் குறைந்தால் வலுக்குறைவு.

ஆஸ்பத்திரியில் எம்.என்.ஏ. சுருக்கப் படிவம் நிரப்புவார்கள். ஆறு கேள்வி, மொத்தம் 14 மதிப்பெண். 12 முதல் 14 வரை நல்ல நிலை, 8 முதல் 11 வரை ஆபத்து விளிம்பு, 7-உம் அதற்குக் கீழும் சத்துக் குறைபாடு. பசி, எடை இழப்பு, நடமாட்டம், கடந்த மூன்று மாதத்தில் கடும் நோய், மறதி அல்லது மனச்சோர்வு, பி.எம்.ஐ. ஆகியவற்றைக் கேட்கும். இந்தப் படிவத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இடுப்பு முறிந்த எவருக்கும் கடும் நோய்க் கேள்வியில் 2 மதிப்பெண் போய்விடும். படுக்கையில் இருப்பதால் நடமாட்டத்தில் இன்னொரு 2 போகும். ஆக நன்றாகத் தேறியிருக்கும் முதியவருக்கும் அதிகபட்சம் 10தான். எனவே "ஆபத்து விளிம்பு" என்று வந்தால் அது புதிய செய்தி அல்ல. இந்த நோயாளிகள் எல்லோரையுமே அப்படித்தான் நடத்த வேண்டும். 7-க்கோ அதற்குக் கீழேயோ போகிறவர் யார் என்று பிரித்துக் காட்டுவதில்தான் படிவத்தின் பயன். அதோடு, மறதி உள்ளவரிடம் நேராகக் கேட்டு நிரப்பினால் விடை தவறும். கூட இருந்தவரிடம் கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது தட்டை. ஒரு சிறு நோட்டை எடுத்து, மூன்று நாளைக்கு, வைத்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதுங்கள். அளவு கரண்டியிலும் டம்ளரிலும் இருக்கட்டும்: முழுசு, முக்கால், பாதி, கால், ஒன்றுமில்லை. "கொஞ்சம் சாப்பிட்டார்" என்று எழுதினால் அந்த வரியால் எதுவும் தெரியாது. காலித் தட்டை நம்பவும் வேண்டாம். வார்டில் மீதியைக் கூட இருப்பவர் சாப்பிட்டுவிடுவார், வீட்டில் பேரப்பிள்ளைக்குப் போய்விடும். வைத்தவரே திரும்பி வந்து பார்த்து எழுத வேண்டும். ஸ்கேனுக்கு அழைத்துப் போனதில், தூங்கிவிட்டதில் விட்டுப்போன வேளைகளையும் எழுதுங்கள்.

ஒரு நாள் நோட்டு இப்படி இருந்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காலையும் மாலையும் காபி, டம்ளருக்கு 50 மில்லி பால் சேர்த்தால் இரண்டுக்கும் 3 கிராம் புரதம். காலை 2 இட்லி 4 கிராம். மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம் 4 கிராம். சாயங்காலம் ஒரு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி, இதில் புரதம் ஏறக்குறைய பூஜ்யம். இரவு 2 இட்லி 4 கிராம். நடுவில் ஒரு டம்ளர் ஆட்டுக்கால் சூப், அதிலிருந்து இரண்டு மூன்று கிராம். எல்லாம் சேர்த்தால் 17 கிராமைச் சுற்றி நிற்கிறது, எரிசக்தி 750 கலோரி அளவில். தேவை எவ்வளவு? நோயிலிருந்து மீளும் முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 30 கலோரி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 42 கிலோவுக்கு 50 முதல் 63 கிராம் புரதம், குறைந்தது 1,260 கலோரி. மூன்றில் ஒரு பங்கு புரதம்தான் உள்ளே போகிறது. பார்வைக்கோ நாள் முழுக்க எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தது போலத் தெரியும்.

ஜவ்வரிசியையும் ஆட்டுக்கால் சூப்பையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தைச் சுற்றி மரவள்ளி ஆலைகள் இருப்பதால் நோயாளிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்பது நம் வீடுகளில் முதல் யோசனை. எளிதாக விழுங்கலாம், தெம்பாகத் தோன்றும். ஆனால் அது வெறும் மாவுச்சத்து. தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சி, மேலே பொடித்த பொட்டுக்கடலை சேர்த்தால்தான் அது உணவு. ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்ட வைக்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. சூப்பில் கரைந்திருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். அது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இல்லாத குறைப் புரதம், எலும்பிலிருந்து கரையும் கால்சியமும் சொற்பமே. வேண்டாம் என்று தடுக்க வேண்டியதில்லை, வாய்க்குப் பிடித்தால் கொடுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒரு சொம்பு கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டால் அந்த வேளைச் சாப்பாடு போய்விடும்.

தட்டில் மிஞ்சுகிறது என்றால் ஏன் என்று பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். முதலில் வாய். பல் செட் எங்கே? ஆபரேஷனுக்கு முன் கழற்றியது பல நேரம் பையிலேயே கிடக்கும், அல்லது மெலிந்ததால் ஈறில் நிற்காமல் ஆடும். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இருமினாலோ, விழுங்கிய பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தாலோ விழுங்குதலைப் பரிசோதிக்கும்வரை மேலே எதுவும் ஊட்ட வேண்டாம்.

மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது? டிரமடால் போன்ற வலி மருந்து, இரும்புச் சத்து மாத்திரை, படுக்கை மூன்றும் சேர்ந்தால் மலச்சிக்கல் நிச்சயம். மூன்று நாள் போகாதவருக்குப் பசி எடுக்காது. அதைவிட முக்கியமான, யாரும் வாய் விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பெட்பேன் கேட்கக் கூச்சம். மகனிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டியிருக்கிறதே என்று பாட்டிமார் தண்ணீரையும் சாப்பாட்டையும் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக, நாளுக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போனால் சந்தேகப்படுங்கள். பானங்களாக மட்டும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் போக வேண்டும், இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக டாக்டர் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர. கேட்பதற்கு முன்பே, வேளைக்கு வேளை, நீங்களாகவே பெட்பேனோ உயரமான கம்மோட் நாற்காலியோ கொண்டுபோய் வைத்தால் சாப்பாடு கூடுவதைப் பார்க்கலாம்.

பகலெல்லாம் தூங்கிக்கொண்டே, கூப்பிட்டால் மட்டும் முனகுகிறார் என்றால் அசதி என்று விட்டுவிடாதீர்கள். அது அமைதியான மனக்குழப்ப நிலையாக இருக்கலாம். டாக்டருக்குத் தெரிய வேண்டும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டே பழகியவருக்குக் கட்டிலில் சாய்ந்து சாப்பிட வராது. மூட்டு மாற்றியவர் தாழ்வான இடத்தில் உட்காரவும் கூடாது. கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, எதிரே தட்டு வைக்க ஒரு ஸ்டூல். வலி மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி அமைத்துத் தரும்படி கேளுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போன்ற சில மருந்துகளும் பசியைக் குறைக்கும். மருந்துச் சீட்டை முழுசாகக் காட்டிக் கேட்பது நல்லது.

பிறகு பத்தியம். புண் ஆறும்வரை பருப்பு ஆகாது, முட்டை சூடு, தயிர் சளி, மீனும் கத்தரிக்காயும் கரப்பான் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ரசமும் இட்லியும்தான். நீக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை புரத உணவுகளே என்பதைக் கவனியுங்கள். தையல் ஆறுவதற்கு வேண்டியதே அந்தப் புரதம்தான். ஒவ்வாமை இருப்பது தெரிந்தாலன்றி எதையும் நிறுத்த வேண்டியதில்லை. பெரியவர்கள் மனம் ஒப்பாவிட்டால் சண்டை போடாமல், அவர்கள் விலக்காத ஒன்றால் ஈடுகட்டுங்கள். உளுந்தைப் பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். சர்க்கரை நோய்க்காகப் பல வருடமாகக் கடுமையான பத்தியம் இருப்பவருக்கு, இந்த மாதங்களில் அதைத் தளர்த்தி, மருந்தைச் சரிசெய்துகொள்வதே நல்லது. டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

ரத்தப் பரிசோதனைகளில் உதவக்கூடியவை உண்டு. ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட், கிரியேட்டினின், தைராய்டு. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அழற்சியில் ஏறிவிடும், அதனால் இரும்புக் குறைவு இருந்தாலும் இயல்பாகத் தெரியலாம். தசை குறைந்தவருக்குச் சிறுநீரக நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் பொய்யாக நன்றாக இருக்கும். கால்சியத்தை ஆல்புமினுக்கு ஏற்பத் திருத்திப் படிக்க வேண்டும்: 4-லிருந்து ஆல்புமினைக் கழித்து 0.8-ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். 2.8 என்றால் ரிப்போர்ட்டில் உள்ளதோடு ஏறக்குறைய 1 சேர்த்துப் பாருங்கள், 7.9 என்பது 8.9 ஆகிவிடும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு மெலிந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அதற்கான ஊசியோ மாத்திரையோ தொடங்குமுன் வைட்டமின் டியும் திருத்திய கால்சியமும் சரியாக இருக்க வேண்டும்.

இப்போது முன்பு சொன்ன ஆபத்து. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவர், பி.எம்.ஐ. 16-க்குக் கீழே உள்ளவர், அல்லது 18.5-க்குக் கீழே இருந்து ஐந்து நாளுக்கு மேல் உணவில்லாதவர். இவர்களுக்குத் திடீரென்று முழுச் சாப்பாடோ குளுக்கோஸோ கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து, முதல் சில நாட்களுக்குள் மூச்சுத் திணறல், வீக்கம், குழப்பம், இதயத் துடிப்புக் கோளாறு வரலாம். உயிருக்கே ஆபத்து. தயமின் (வைட்டமின் பி1) முதலில் கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்து, நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு ஏற்றுவார்கள். 42 கிலோவுக்கு முதல் நாள் 420 கலோரிதான். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. அந்த விவரத்தை டாக்டரிடம் சொல்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

அப்படியொரு நிலை இல்லையென்றால், 17 கிராமை 55-க்குக் கொண்டு வருவது நம் ஊர்ச் சாமான்களாலேயே முடியும். நாமக்கல் முட்டை இரண்டு, 12 கிராம். பால் 400 மில்லி, 13. துவரம் பருப்பு 30 கிராம் குழையக் கடைந்து நெய்யோடு, 6.5. பொட்டுக்கடலை மாவு 25 கிராம் கஞ்சியில் கரைத்து, 5.5. தயிர் 150 மில்லி, 4.5. மேலே சொன்ன 17-உடன் சேர்த்தால் 58 ஆகிவிடும், சோற்றின் அளவைக் கூட்டாமலேயே. முட்டை சாப்பிடாதவருக்கு உளுந்தங்களி: 30 கிராம் உளுந்தில் 7 கிராம் புரதம், 20 மில்லி நல்லெண்ணெய் 160 கலோரிக்கு மேல் தரும், கருப்பட்டி ரத்தச் சர்க்கரைக்குத் தக்க அளவு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டிக் கால்சியம் இருக்கிறது, ஆனால் புரதம் 7 கிராம்தான். எனவே கூழை மோரில் கரைக்காமல் கெட்டித் தயிரில் கரையுங்கள். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஆறு சிறிய வேளை. புரத உணவை முதலில் ஊட்டுங்கள், இட்லி பிறகு. இரும்பு மாத்திரையைக் காபியிலிருந்து குறைந்தது ஒரு மணி தள்ளி வையுங்கள்.

பவுடர் பற்றிக் கேட்டீர்கள். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். மால்ட் பானங்கள் பெரும்பாலானவற்றில் அது 7 முதல் 11 கிராம்தான். இரண்டு ஸ்பூன் போட்டால் 2 கிராம் கூடத் தேறாது. இடுப்பு முறிந்த முதியவர்களுக்கு ஊட்டச் சத்துப் பானம் கொடுக்கும்படி ஐரோப்பிய வழிகாட்டியான எஸ்பென் சொல்கிறது. அது குறிப்பிடும் அளவு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கூடுதலாகக் கிடைப்பது, குறைந்தது ஒரு மாதம். அந்த அளவு வருமா என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல் இரண்டு வேளைக்கு நடுவிலும் படுக்கும் முன்னும் கொடுங்கள். சிறுநீரக வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே இருப்பவருக்கு மட்டும் புரத அளவை சிறுநீரக மருத்துவர் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் நோட்டில் சராசரி பாதிக்குக் கீழே நின்றால் காத்திருக்காமல் உணவியல் நிபுணரைப் பாருங்கள். வாய் வழியாக எதுவுமே முடியாமல் மூன்று நாளைத் தாண்டினாலோ, தேவையில் பாதிக்கும் குறைவாக ஒரு வாரம் ஓடினாலோ குழாய் வழி உணவு பற்றி டாக்டரோடு பேசும் நேரம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு எடை வாரம் ஒரு முறை. கெண்டைக்காலும் மேற்கையும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நோட்டு மாதம் மூன்று நாள், மூன்று மாதம் வரையாவது. ஒரு வாரத்தில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது அம்மாவுக்கு ஒரு கிலோ அளவில், குறைந்தால் டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று குளிக்க வைக்கும்போது பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். நோட்டை அவரிடமும் காட்டுங்கள். உடற்பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தசையாகாது, புரதம் இல்லாமல் உடற்பயிற்சி செய்தால் இருக்கிற தசையும் கரையும்.

அம்மா மறுபடி மலைக்கே போவதாக இருந்தால், பரிசோதனைக்குக் கீழே வரும் நாட்களைக் கவனியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமென்று காலையில் ஒன்றும் கொடுக்காமல் கிளம்புவார்கள், சேலத்தில் எக்ஸ்ரேக்கும் டாக்டருக்கும் காத்திருந்து மதியம் ஒரு டீயும் பன்னும், திரும்பும்போது மறுபடி வெறும் வயிறு. அன்றைய நோட்டில் 10 கிராம்கூட இருக்காது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி முன்பே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். வாந்தி மாத்திரை இவருக்கு ஆகுமா என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில வகை மாத்திரைகள் முதியவர்களைக் குழப்பிவிடும். கீழே இறங்கியதும் சாப்பிட இரண்டு அவித்த முட்டையும், ஒரு டப்பா கெட்டித் தயிர் சாதமும், ஒரு பாட்டில் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.